இறால் தலை போட்ட மஞ்சள் சோறு

எங்கள் வீட்டில் நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த பெருநாளுக்கு, சோறு சமைப்பது என் கணவர்தான். மற்ற நாட்களில் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், அன்றைக்கு மட்டும் என்னைப் பின்வாசல் படியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அரிசியில் கல் பொறுக்குவது, வெங்காயம் உரிப்பது, கஜு முந்திரிப் பருப்பை இரண்டாகப் பிளந்து வைப்பது என் வேலை. சட்டிக்குக் கிட்டப் போகவிடமாட்டார்.

"டீச்சர், நீங்க அங்கயே இருங்க. இது எங்கட ஆக்கள்ர சமையல். உங்களுக்குப் பிடிபடாது" என்பார்.

கலியாணம் முடித்துப் பதினொரு வருசம் போயும் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு பிள்ளைகள் உட்காரும் உடைந்த வாங்குகளைத் திருத்த வந்த தச்சர் அவர். டச்பாரில் கடலோரத்தில், போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் தெருவில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் குடும்பம் கிரானில் வயற்காரக் குடும்பம். வாங்கு திருத்தி முடிந்த பிறகும் அவர் ஏதாவது ஒரு மேசைக்கால் ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டு வந்து போனார். ஒரு வருசத்தில் பள்ளிக்கூடத்தில் ஆடுகிற கால் ஒன்றும் மிச்சமில்லை. நாங்கள் பதிவுக் கலியாணம் செய்துகொண்டோம்.

அப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். "மாடு திங்கிற ஊட்டுக்குப் போனவள்" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாராம். எங்கள் வீட்டில் மாடு உழவுக்கு. பட்டிப்பொங்கலுக்கு அதன் கொம்புக்குச் சந்தனம் வைப்பவர் அப்பா. ஆனால் இவரோ நான் போன நாளிலிருந்து வீட்டுக்குள் மாட்டிறைச்சி கொண்டுவந்ததில்லை. கேட்டதற்கு, "எனக்கு அது சின்ன வயசில இருந்தே பிடிக்காது" என்றார். நான் நம்பினேன்.

முதல் நத்தாருக்கு அவர் அந்த மஞ்சள் சோற்றைச் சமைத்தார். மறுநாள் காலையில் அலுமினியச் சட்டியோடு மிச்சத்தைத் துணியால் கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு கிரானுக்கு பஸ் ஏறினார். அப்பா முற்றத்தில் இருந்தவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மா சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு உள்ளே கொண்டுபோய் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வெறுங்கோப்பை கதவடிக்கு வந்தது. அம்மா திரும்பவும் போட்டுக் கொடுத்தாள். அப்பா சாப்பிட்டுக் கை கழுவ வெளியில் வந்தபோது, "மழை நிண்டிட்டோ?" என்று அவரைப் பார்த்துக் கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும் மறுநாள் நாங்கள் கிரானில்தான்.

அந்தச் சோற்றில் நெய், கறுவா, ஏலம், கராம்பு, ரம்பை, கொஞ்சம் சாதிக்காய், மஞ்சள் எல்லாம் இருந்தன. மேலே பொரித்த கஜுவும் பிளம்ஸ் என்கிற உலர்திராட்சையும். அது வரைக்கும் யார் வீட்டிலும் சாப்பிடக்கூடிய மஞ்சள் சோறுதான். ஆனால் அவர் பச்சைத் தண்ணீரில் சோறு வைப்பதில்லை. வாவி இறாலின் தலைகளை எண்ணெயில் வதக்கி, உரலில் இடித்து, மிளகும் நற்சீரகமும் போட்டுக் கொதிக்க வைத்து, வடித்த தண்ணீரில்தான் அரிசியை வேக விடுவார். சட்டியைத் திறந்தால் முதலில் கராம்பு மணக்கும். பிறகு மெல்ல வாவி மணக்கும். எனக்கு அந்த இரண்டாவது மணம்தான் உயிர். ஏன் என்று நான் யோசித்ததில்லை.

சுனாமி வந்த வருசம் நத்தார் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. விடிய எழும்பிச் சட்டியைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் கட்டிலில் இருந்தபடியே, "நான் பூசை கண்டிட்டுப் பின்னேர பஸ்ஸில வாறன். நீங்க முந்திப் போங்க. சோறு பழுதாகிப் போகும்" என்றார். முதல்நாள் இரவு முழுக்க அயல் வீடுகளில் வயலின் வாசித்த களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் கோபம். "ஒவ்வொரு வருசமும் ஒண்டாத்தானே போறம்" என்றேன். "வாறன் எண்டு சொல்றன்தானே டீச்சர்" என்றார். நான் பதில் சொல்லாமல் வேலிப் படலையைச் சாத்திவிட்டுப் போனேன்.

கிரானில் அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி சந்தியிலிருந்து சைக்கிளில் வந்தான். சைக்கிளை நிறுத்தவில்லை, அப்படியே விழவிட்டான்.

"அக்கா, கடல் ஊருக்குள்ள வந்திட்டுதாம். கல்லடி, டச்பார் ஒண்டும் இல்லையாம்."

"கடல் எப்பிடிடா ஊருக்குள்ள வரும்?" என்று கேட்டேன். புயல் தெரியும், வெள்ளம் தெரியும். கடல் வருவது என்றால் என்னவென்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது.

பஸ் ஓடவில்லை. தம்பி யாருடையோ மோட்டார் சைக்கிளைக் கேட்டு வாங்கி வந்தான். கல்லடிப் பாலத்தில் எல்லோரும் எதிர்ப்பக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். அநேகம் பேருக்கு உடுப்பில்லை. சிலர் எதுவோ ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், ஒரு தேத்தண்ணிக் கேத்தல், ஒரு செருப்பு. பாலத்தைத் தாண்டி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பின்னேரமாகிவிட்டது. எங்கள் தெரு எது என்று எனக்குப் பிடிபடவில்லை. முழங்கால் உயரத்துக்கு நின்ற ஒரு சுவரில் நான் தேர்ந்தெடுத்த பச்சை நிறம் இருந்தது. அதனால்தான் அது என் வீடு என்று கண்டுகொண்டேன். கிணறு மணலால் நிரம்பியிருந்தது.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள், கோயில் மண்டபங்கள் என்று ஐந்து நாள் தேடினோம். வரிசை வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களின் கைகளைத்தான் நான் பார்த்தேன். தச்சர் கை என்றால் எனக்குத் தெரியும். இடது பெருவிரலின் நகம் மரம் அறுக்கும் வாளில் பட்டுப் பாதிதான் இருக்கும். அப்படி ஒரு கை எங்கேயும் இல்லை. அவரோடு பூசைக்குப் போகப் புறப்பட்டவர்களில் இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். "எங்களுக்கு முன்னால நடந்தவர்" என்று மட்டும் சொன்னார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியவில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் கூடாரத்தில் எனக்கு ஒரு மூலை போதுமானதாக இருந்தது. பிறகு தகரக் கொட்டில். பிறகு திராய்மடுவில் ஒரு அறையும் சமைக்கக் குசினியுமாக ஒரு வீடு தந்தார்கள். அம்மா கிரானுக்கு வரச் சொல்லி எத்தனையோ தடவை ஆளனுப்பினாள். நான் போகவில்லை. போனால் அவர் பின்னேர பஸ்ஸில் வருவார் என்று காத்திருக்கத் தொடங்கிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடம் தூரம் என்று ஒரு சாட்டுச் சொன்னேன்.

அடுத்த நத்தாருக்குத் தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு அந்தச் சோற்றைச் சமைக்கப் பார்த்தேன். நிவாரண அரிசி, மூன்று கல் அடுப்பு. பின்வாசல் படியில் இருந்து பதினொரு தடவை பார்த்திருக்கிறேனே, ஏன் வராது என்று நினைத்தேன். தண்ணீர் கூடிவிட்டது. மஞ்சள் களியாகக் கிண்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் கொட்டில்காரி எட்டிப் பார்த்து, "என்ன கா, கஞ்சியோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அதோடு விட்டுவிட்டேன்.

எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அவருடைய தங்கச்சி, என் மச்சாள், கலியாணம் முடித்து அவுஸ்திரேலியாவுக்குப் போய் நெடுங்காலம். எங்கள் கலியாணத்துக்கும் முன்பே போனவள். வருசத்தில் இரண்டு தரம் தொலைபேசி எடுப்பாள். அந்த நத்தாருக்கும் எடுத்தாள். "மச்சாள், இஞ்ச நாங்க மஞ்சள் சோறு சமைச்சம். அண்ணாவ நினைச்சு அழுதுகொண்டுதான் சாப்பிட்டம்" என்றாள். என்னால் முடியாவிட்டால் என்ன, எங்கேயோ ஒரு நாட்டில் அவருடைய சோறு அதே மணத்தோடு வேகிறது, அதைச் சாப்பிட ஒரு மேசை நிறைய ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்தடுத்த நத்தார்களை நான் அப்படித்தான் கடத்தினேன். அன்றைக்குப் பேக்கரியில் பாண் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

இதற்கிடையில் திரும்பவும் சண்டை தொடங்கியது. ஊருக்குள்ளிருந்து வாவிக்கு மேலால் அக்கரையில் இருக்கும் படுவான்கரைக்கு ஷெல் போகும். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது சோக்கட்டி கைக்குள் அதிரும். பிள்ளைகள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பிறகு அந்தப் பக்கத்துச் சனம் சட்டி முட்டிகளோடு எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தது. வகுப்பறைகளில் அவர்கள் இருந்தார்கள். நாங்கள் வேப்பமரத்தடியில் படிப்பித்தோம். அந்த மாதங்களில் எனக்குத் தனிமை அவ்வளவாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் யாரோ ஒருவர் இல்லாமல் இருந்தார்.

வடக்கிலும் சண்டை முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்த பஸ்ஸை ஒரு சந்தியில் மறித்தார்கள். எங்கள் ஊரில் பஸ்ஸை மறித்தால் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி நிற்பதுதான் பழக்கம். நானும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். ஆனால் ஆமிக்காரர்கள் வெற்றியைக் கொண்டாடப் பெரிய தட்டங்களில் பாற்சோறு வைத்துக்கொண்டு நின்றார்கள். சதுரம் சதுரமாக வெட்டிய வெள்ளைச் சோறு. ஜன்னல் வழியாக ஒரு துண்டு என் கையில் வந்தது. தந்தவனுக்கு இருபது வயது இருக்கலாம், சிரித்தான். எனக்கு முன்னால் இருந்த ஒரு கிழவர் அதை வாயில் போட்டு மெல்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். நான் கைலேஞ்சியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். எறியவும் மனம் வரவில்லை. சாப்பிடவும் முடியவில்லை. அடுத்த நாள் காலையில் எறும்பு மொய்த்திருந்தது.

அந்த வருசக் கடைசியில் மச்சாள் வந்தாள். சண்டை முடிந்ததால் பயமில்லாமல் வரலாம் என்று பலரும் வந்த காலம் அது. பாண் வாங்கிச் சாப்பிடும் வீட்டுக்குள் அவளுடைய இரண்டு பெரிய பெட்டிகளும் வந்தபோது எனக்கு நடக்க இடமில்லை. அவள் சிரிப்பில் அண்ணனின் சிரிப்பு இருந்தது, கீழ்ப்பல் தெரிய. அதைப் பார்க்க முடியாமல் நான் அடிக்கடி குசினிக்குள் போய் நின்றேன்.

நத்தாருக்கு முதல்நாள் சொன்னாள்: "மச்சாள், நாளைக்கு அண்ணாட சோறு சமைப்பம். நானும் நீங்களும்."

எனக்கு நடுக்கமாகவும் சந்தோசமாகவும் இருந்தது. தவறவிட்டதெல்லாம் இவளுக்குத் தெரியும், தண்ணீர் அளவு தெரியும், எப்போது மூட வேண்டும் என்று தெரியும். விடியவே வாவிக்கரைக்குப் போய்த் தலையோடு இறால் வாங்கி வந்தேன். தம்பி கிரானிலிருந்து சம்பா அரிசி கொடுத்தனுப்பியிருந்தான். எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எலும்பு எங்க?"

"என்ன எலும்பு?"

"மாட்டெலும்பு, மச்சாள். எலும்பு அவிச்ச தண்ணியிலதானே சோறு வைக்கிற."

நான் இறால் தலைகளைக் காட்டினேன். "அவர் இதிலதான் வைக்கிறவர்."

அவள் சிரித்தாள். "இறால் தலையிலயோ? எங்கட அப்பா கண்டிருந்தா சட்டியோட தூக்கிக் கடல்ல எறிஞ்சிருப்பார்." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "விளையாடுறீங்களோ? எங்கட ஊட்டில ஒரு நாளும் அப்பிடிச் சமைச்சதில்ல. நத்தாருக்கு முதல்நாளே எலும்பு அடுப்பில ஏறிரும். அண்ணாவுக்கும் எனக்கும் எலும்புக்குள்ள இருக்கிறத உறிஞ்சுறதுக்குச் சண்டை. அவர் மூத்தவர் எண்டு பெரிய எலும்பு எடுப்பார். இறைச்சியில்லாட்டி அவருக்குச் சோறு இறங்காது."

"அவருக்கு மாட்டிறைச்சி பிடிக்காதே" என்றேன்.

"யார் சொன்ன?"

நான் கதிரையில் உட்கார்ந்துகொண்டேன். பதினொரு வருசம். ஒரு நாள்கூட அவர் வாயில் அந்த மணம் இருந்ததில்லை.

மச்சாள் என் தோளில் கை வைத்தாள். "சரி, அண்ணா எப்பிடிச் செய்தவரோ அப்பிடியே செய்வம். நீங்க சொல்லுங்க" என்றாள். சொல்ல எனக்கு என்ன தெரியும்? ஆனால் கை வைத்த பிறகு தெரிந்தது. தலைகள் சிவந்த பிறகு இடிக்க வேண்டும், அதற்கு முன்பு இடித்தால் கவிச்சி போகாது. உலக்கைச் சத்தம் எத்தனை தரம் கேட்கும் என்று என் காதுக்குத் தெரிந்திருந்தது. அரிசியை நெய்யில் போட்டதும் அவர் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்துவார். நானும் நிறுத்தினேன். அரிசியின் மேல் ஒரு விரற்கட்டை உயரத்துக்குத் தண்ணீர் விட்டேன். மூடியைத் திறந்தபோது முதலில் கராம்பு மணத்தது. பிறகு மற்றது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மச்சாள் இரண்டு வாய் சாப்பிட்டாள். மெதுவாக மென்றாள்.

"நல்லா இருக்கு, மச்சாள். உண்மையா நல்லா இருக்கு. ஆனா இது எங்கட சோறு இல்ல."

அவள் அதை அன்போடுதான் சொன்னாள். இருந்தும் அன்றைக்கு நான் உடைந்துபோனேன். அவுஸ்திரேலியாவில் வேகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சோறு அங்கே வேகவில்லை. அங்கே வெந்தது வேறொரு சோறு. நான்கு வருசமாக நான் ஆறுதல் பட்டது இல்லாத ஒன்றை வைத்து.

மறுநாள் இரண்டு பேரும் சட்டியைக் கட்டிக்கொண்டு கிரானுக்குப் போனோம். அப்பா காலமாகி இரண்டு வருசம். அம்மாவுக்குக் கண் மங்கல். சட்டியைத் திறந்ததும் மூக்கை உயர்த்தி, "மருமகன்ர சோறோ?" என்று கேட்டாள். பிறகு எடுத்து வாயில் வைத்தாள்.

"அம்மா, இறால் தலையில சோறு வைக்க இவருக்கு யார் சொல்லிக் குடுத்த?" என்று கேட்டேன்.

"நான்தான்."

மச்சாளும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"நீ ஊட்ட விட்டுப் போன வருசம் அவர் தனியாச் சைக்கிள்ல வந்தவர், புள்ள. அப்பா வயல் வட்டைக்குப் போன நேரம். வந்து முற்றத்தில நிண்டுகொண்டு, 'மாமி, டீச்சருக்கு ஊட்டுச் சாப்பாட்டில என்ன விருப்பம்?' எண்டு கேட்டவர். உனக்குச் சின்னனில காய்ச்சல் வந்தா இறால் தலை இடிச்சு ரசம் வைப்பன். அதக் குடிச்சாத்தான் நீ எழும்புவாய். அதச் சொன்னன். மறுகா, எப்பிடி இடிக்கிற, எப்பிடி வடிக்கிற எண்டு குந்தியிருந்து பாத்திட்டுப் போனவர்."

"ஏனம்மா எனக்கு ஒருநாளும் சொல்லல்ல?"

"சொல்ல வேணாமெண்டவர். மறுகா, நீ கேக்கவும் இல்லயே."

மச்சாள் தன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எலும்புக்கு என்னோட மல்லுக்கு நிண்ட மனிசன்" என்று மட்டும் சொன்னாள். அம்மா அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

ஜனவரியில் மச்சாள் திரும்பிப் போனாள். வீடு பழையபடி பெரிதாகிவிட்டது. மாலை வேளைகளில் கொப்பிகள் திருத்தும்போது பேனையை வைத்துவிட்டு யோசிப்பேன். எத்தனை நத்தார் அவர் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே தன் வீட்டுச் சோற்றை நினைத்திருப்பார்? வேலைக்குப் போன இடங்களிலாவது ஒரு துண்டு இறைச்சி சாப்பிட்டாரா? சாப்பிட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அன்றைக்குக் காலையில் பதில் சொல்லாமல் படலையைச் சாத்தியதையும் நினைப்பேன். கேட்க ஆளில்லை.

இப்போது ஒவ்வொரு நத்தாருக்கும் நான் சமைக்கிறேன். ஒரு சுண்டு அரிசிதான். அவ்வளவு கொஞ்சத்தை அந்த மாதிரிச் சமைப்பது கரைச்சல், அடியில் பிடித்துவிடும். அம்மாவும் போய்விட்டாள். கிரானில் தம்பியின் பிள்ளைகளுக்குக் கோழிப் புரியாணிதான் பிடிக்கும். தம்பி மட்டும் எனக்காக ஒரு கோப்பை சாப்பிடுவான்.

போன நத்தாருக்கு மச்சாள் தொலைபேசி எடுத்தாள். அங்கே அவள் குசினியில் தண்ணீர்க் குழாய்ச் சத்தம் கேட்டது.

"மச்சாள், அண்ணாட சோறு ஒருக்காச் செய்து பாப்பமெண்டு நினைச்சன். இஞ்ச கடையில இறால் தலையில்லாமத்தான் விக்கிறானுகள். என்ன செய்ய?"

"ஓடு இருக்கோ?"

"ஓடு இருக்கு."

"அப்ப ஓட்ட வதக்குங்க. நல்லாச் சிவக்கட்டும். அவசரப்பட வேணாம்."

"போன வையாதீங்க, மச்சாள்" என்றாள். தொலைபேசியை எங்கேயோ சாய்த்து வைத்தாள் போல. எண்ணெய் பொரியும் சத்தம் தூரத்தில் கேட்டது. நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேட்டுக்கொண்டிருந்தேன்.